திரும்பி வரும் பொருளுக்கு ஒரு கடவுச்சீட்டு



கோடை விடுமுறை நெருங்கும்போது எமது குடும்பங்களில் பயண ஆயத்தங்கள் தொடங்கிவிடும். இலண்டனில் ஓர் அரங்கேற்றம், சூரிச்சில் ஒரு திருமணம், ஒஸ்லோவில் ஒரு கோயில் திருவிழா என்று அழைப்பிதழ்கள் வந்து சேரும். உறவினர் வெறுங்கையோடு போவார்கள். ஆனால் எம்மவர்களில் சிலர் தொழிலுக்காகப் போகிறார்கள். ஒளிப்பதிவாளர் கமெராக்களோடு போகிறார். ஒலியமைப்புச் செய்பவர் ஒலிபெருக்கிகளை வானில் ஏற்றிக்கொண்டு போகிறார். மணவறை அலங்காரம் செய்பவர் தூண்களையும் விளக்குகளையும் கொண்டு போகிறார். இரண்டு நாள் வேலை, பிறகு எல்லாம் ஜேர்மனிக்குத் திரும்பி வந்துவிடும். எதுவும் விற்பனைக்கு அல்ல.

அப்படியானால் எல்லையில் ஏன் வரி கட்ட வேண்டும்? கட்டாமல் போக வழி உண்டா? கணக்காளன் என்ற வகையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. வழி உண்டு. அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், அந்த வழியைப் பயன்படுத்த எம்மவர் ஏன் தயங்குகிறார்கள் என்பதும் விளங்கும். இந்த மாத உரையை அதற்காகவே எடுத்துக்கொண்டேன்.

றைன் நதியின் சுங்கச் சாவடிகள்

நாம் வாழும் பான் நகரம் றைன் நதிக் கரையில் இருக்கிறது. இன்று இந்த நதியில் சரக்குப் படகுகள் தடையின்றிப் போகின்றன. மத்திய காலத்தில் நிலைமை வேறு. நதியோரச் சிற்றரசர்களும் பேராயர்களும் ஆளுக்கொரு சாவடி வைத்துச் சுங்கம் அறவிட்டார்கள். இங்கிருந்து வடக்கே சொன்ஸ் என்ற சிறிய ஊர் இருக்கிறது. கேல்ன் பேராயர் 1372ஆம் ஆண்டு நொய்ஸ் நகரிலிருந்த தமது சுங்கச் சாவடியை அங்கே மாற்றி, அதைக் காக்க மதிலும் கோபுரமும் கட்டினார். அந்த மதிலை இன்றும் பார்க்கலாம். தெற்கே காவுப் என்ற இடத்தில் நதியின் நடுவிலுள்ள பாறையிலேயே ஒரு கோட்டை நிற்கிறது. படகில் உல்லாசப் பயணம் போகும் எம்மவர் அதைப் படம் எடுத்து வருவார்கள். அதுவும் சுங்கக் கோட்டைதான்.

1834ஆம் ஆண்டு முதலாம் மாதம் முதலாம் திகதி ஜேர்மன் அரசுகள் பல ஒன்றுசேர்ந்து சுங்க ஒன்றியம் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதன் பின் 1868ஆம் ஆண்டு மன்ஹைம் உடன்படிக்கை றைன் நதிப் போக்குவரத்தைச் சுங்கத்திலிருந்து விடுவித்தது. ஆனாலும் நாடுகளுக்கு இடையிலான சுங்கம் மறையவில்லை. உள்ளே இருந்த சாவடிகள் நாட்டின் எல்லைக்கு நகர்ந்தன, அவ்வளவுதான்.

சுங்கம் என்பது தமிழருக்குப் புதிய சொல் அல்ல. 1070இல் முடிசூடிய முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாம் பாடசாலையில் படித்தோம். ஓர் அரசன் சுங்கத்தை நீக்கியது பட்டப்பெயராக நிலைக்க வேண்டுமென்றால், சுங்கம் மக்களை எவ்வளவு அழுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்நியனுக்கு எழுதிக் கொடுத்த வாக்கு

சுங்கத்தை நீக்குவது ஒரு வழி. இன்னொரு வழியும் இருந்தது. வெளியூரிலிருந்து வருபவனுக்கு, 'நீ வா, உன் பொருளுக்கு இன்ன விதிதான், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது' என்று ஆட்சியாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது.

1240ஆம் ஆண்டு இரண்டாம் பிரெடெரிக் பேரரசர் பிராங்பேர்ட் சந்தைக்கு வரும் வணிகர்களுக்குப் பாதுகாப்பு வழங்கி ஓர் ஆணை பிறப்பித்தார். பிராங்பேர்ட் இன்று பெரிய கண்காட்சி நகரமாக விளங்குவதன் வேர் அந்த ஆணையில் இருக்கிறது என்று அந்த நகரத்தார் பெருமையாகச் சொல்வார்கள்.

அதற்கும் முன்பே, 12ஆம் நூற்றாண்டில், எமது தீவகத்தில் இப்படியொரு ஆணை கல்லில் வெட்டப்பட்டது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள அந்தக் கல்வெட்டு முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது, தமிழில் உள்ளது. பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கித் தங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அது சொல்கிறது. யானை, குதிரை ஏற்றி வரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கும் முக்கால் பங்கு உரியவனுக்கும் சேரும். வேறு வணிகப் பொருள் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி.

பங்கு அதிகமா குறைவா என்பது வேறு விடயம். விதி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். கரையில் நிற்கும் அதிகாரியின் மனநிலையை நம்பி அந்த வணிகன் கப்பல் ஏறவில்லை. கல்லில் இருந்த எழுத்தை நம்பி ஏறினான்.

திரும்பிப் போகும் பொருளின் சிக்கல்

ஆனால் இந்த ஆணைகள் எல்லாம் விற்க வரும் வணிகனுக்கானவை. விற்காமல் திரும்பிக் கொண்டுபோகும் பொருளுக்கு என்ன செய்வது? இந்தக் கேள்வி, தொழில்கள் பெருகி, மாதிரிப் பொருள்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் விற்பனைப் பிரதிநிதிகள் கூடியபோது பெரிதாகியது. அவர்களின் பெட்டியில் இருப்பது காட்டுவதற்கான பொருள். ஆனால் சுங்க அதிகாரிக்கு எப்படித் தெரியும்? உள்ளே போனதும் விற்றுவிட்டால்?

அதனால் எல்லையில் வைப்புப் பணம் கேட்டார்கள். வரி எவ்வளவோ அவ்வளவையும் காசாகக் கட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். திரும்பும்போது பொருளைக் காட்டிப் பணத்தை மீளப் பெற வேண்டும். ஐந்து நாடுகளுக்குப் போனால் ஐந்து முறை, ஐந்து நாணயங்களில், ஐந்து மொழிப் படிவங்களில். பெரிய கம்பனிக்கு இது தொல்லை. சிறு தொழிலாளிக்குப் போகவே முடியாத நிலை.

1923ஆம் ஆண்டு ஜெனீவாவில், சர்வதேச சங்கத்தின் கீழ், சுங்க நடைமுறைகளை இலகுவாக்கும் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. மாதிரிப் பொருள்களைத் தற்காலிகமாகக் கொண்டுபோவது பற்றி அதில் விதிகள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952இல், வணிக மாதிரிகளுக்கென்றே தனி உடன்படிக்கை வந்தது. 1956இல் பிரசெல்ஸ் நகரில், மாதிரிப் பொருள்களுக்கு ஒரு கொப்பியை அறிமுகப்படுத்தினார்கள். 'கார்னே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நாம் பாடசாலைக்குக் கொண்டுபோனது போன்ற சின்னக் கொப்பி என்றுதான் அர்த்தம்.

1961ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் முக்கியமானது. அந்த ஆண்டு யூன் 8ஆம் திகதி பிரசெல்சில் இரண்டு உடன்படிக்கைகள் உருவாயின. ஒன்று கண்காட்சிப் பொருள்களுக்கு. மற்றது தொழிற் கருவிகளுக்கு. தொழிற் கருவி உடன்படிக்கை பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சிக் கருவிகளை முதலாவது பிரிவாகவும், திரைப்படக் கருவிகளை இரண்டாவதாகவும், ஏனைய தொழில்களின் கருவிகளை மூன்றாவதாகவும் வகுத்தது. வானொலிக்காரர்களாகிய நாம் முதல் வரிசையில் இடம்பெற்றோம் என்பதில் எனக்கு ஒரு சிறிய மகிழ்ச்சி. அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி ஏ.ரி.ஏ. கார்னே உடன்படிக்கை கைச்சாத்துக்கு வந்து, 1963 யூலை 30 முதல் நடைமுறையானது. தற்காலிக அனுமதி என்பதற்கான பிரெஞ்சு, ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கலந்து வைத்த பெயர் அது.

பிணை நிற்பவர்கள்

இந்தக் கொப்பியின் சக்தி தாளில் இல்லை. பிணையில் இருக்கிறது.

ஊரில் ஒருவன் கடன் கேட்டால், 'ஆர் பிணை நிக்கிறது?' என்று கேட்பார்கள். கார்னேயும் அதே கேள்விக்கான பதில்தான். ஒவ்வொரு நாட்டிலும் வணிகச் சங்கம் ஒன்று பிணையாளியாக இருக்கிறது. பாரிசிலுள்ள சர்வதேச வர்த்தகச் சம்மேளனம் இந்தச் சங்கங்களை ஒரு சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கிறது. பானிலுள்ள ஒரு தொழிலாளியின் ஒலிபெருக்கி ஒஸ்லோவிலிருந்து திரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோர்வே சுங்கம் அவரைத் தேடி ஜேர்மனிக்கு வராது. நோர்வேயிலுள்ள பிணைச் சங்கத்திடம் வரியைக் கேட்கும். அந்தச் சங்கம் ஜேர்மன் சங்கத்திடம் கேட்கும். ஜேர்மன் சங்கம் கடைசியில் அந்தத் தொழிலாளியிடம் வரும். அரசுக்குப் பணம் நிச்சயம் என்பதால் எல்லையில் காசு கேட்க வேண்டிய தேவை இல்லாமற் போகிறது.

ஜேர்மனியில் இந்தக் கொப்பியை அந்தந்தப் பகுதி வர்த்தக, கைத்தொழில் சம்மேளனம் வழங்குகிறது. எமக்கு அது பான் மற்றும் றைன்-சீக் பகுதிச் சம்மேளனம். எல்லாவற்றுக்கும் மேலேயுள்ள தேசியச் சம்மேளனம் இப்போது பெர்லினில் இருக்கிறது. பான் தலைநகராக இருந்த காலத்தில் அதன் தலைமையகமும் இங்கேதான், அடெனவர் வீதியில், இருந்தது. 2016 முதல் ஜேர்மன் சுங்கத்தின் பொது இயக்ககமும் பான் நகரைத் தலைமை இடமாகக் கொண்டிருக்கிறது. நாடு முழுவதற்குமான சுங்கத்தின் தலைமை எமது நகரில் இருக்கிறது. எம்மவர் பலருக்கு இது தெரியாது.

1990 யூன்

1990ஆம் ஆண்டு யூன் 26ஆம் திகதி இஸ்தான்புல் நகரில் புதிய உடன்படிக்கை ஒன்று உருவாகியது. அதுவரை தனித்தனியாக இருந்த தற்காலிக அனுமதி விதிகளை எல்லாம் அது ஒரே நூலாகச் சேர்த்தது. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் தொழிற் கருவி இணைப்பில், வானொலி ஒலிபரப்பாளர் வரியின்றிக் கொண்டுபோகக்கூடியவை எவை என்று ஓர் உதாரணப் பட்டியல் உண்டு. ஒலிவாங்கி, ஒலிப்பதிவுக் கருவி, மின்பிறப்பாக்கி ஆகியவற்றோடு பற்றரியும் அதில் இருக்கிறது.

அதே 1990 யூன் மாதத்தில் தாயகத்தில் போர் மீண்டும் மூண்டது. அதைத் தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடையில் வடக்கிற்குக் கொண்டுபோகக் கூடாதவை என்ற பட்டியலிலும் பற்றரி இருந்தது. சீமெந்து, உரம், மண்ணெண்ணெய் எல்லாம் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்ட ஆண்டுகள் அவை. இந்தச் செய்தி மடலை வாசிப்பவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் சைக்கிள் சுற்றுவது என் வேலை.

உலகத்தின் ஒரு மூலையில் பற்றரி எல்லை கடப்பதற்கு உரிமை எழுதப்பட்டது. இன்னொரு மூலையில் அதே பற்றரிக்காக மனிதர் சோதனைச் சாவடியில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அதிலிருந்து எங்கள் தலைமுறை ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. எல்லையில் வாய் திறக்காதே. இருப்பதைக் காட்டாதே. காட்டினால் போய்விடும்.

அந்தப் பாடம் அந்த இடத்துக்கும் அந்தக் காலத்துக்கும் சரியானது. அது பல உயிர்களைக் காத்தது. ஆனால் மனிதர் ஊரை விட்டு வரும்போது பழக்கங்களும் கூடவே வருகின்றன. அண்மையில் ஓர் இளம் ஒளிப்பதிவாளரின் தகப்பன் என்னிடம், "அண்ணை, கமெராவை உடுப்புக்குள்ள சுத்தி வைச்சால் ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஏன் தேவையில்லாமல் வாயைக் குடுப்பான்?" என்று கேட்டார். அது ஏமாற்றும் எண்ணம் அல்ல. தாண்டிக்குளத்தில் கற்றது.

கார்னே கேட்பது இதற்கு நேர் எதிரானது. எல்லாவற்றையும் சொல், ஒன்றையும் மறைக்காதே, வரிசை இலக்கத்தோடு எழுது என்கிறது. சொன்னவனின் பொருளை அது காப்பாற்றுகிறது. மறைத்தவனுக்கு அங்கே ஒரு பாதுகாப்பும் இல்லை.

கருவிக்கு வழி, மனிதருக்குத் தடை

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1980களில் ஜேர்மனிக்கு வந்த எம்மவர், 1982ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டத்தின்படி, தமக்குக் குறிக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போக முடியாது. பக்கத்து மாவட்டத்திலுள்ள தமையனைப் பார்க்கவும் கடிதம் வேண்டும். அதே காலத்தில் ஒரு கமெரா, கொப்பி ஒன்றோடு பல நாடுகளைச் சுற்றி வரலாம். கமெராவுக்குப் பிணை நிற்க ஒரு சங்கம் இருந்தது. மனிதனுக்கு இல்லை.

அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை எழுதப்பட்டபோது, அவர்களின் உடைமைகள் பற்றியும் யோசித்தார்கள். அதன் 30ஆவது உறுப்புரை, அகதி தான் கொண்டுவந்த சொத்துகளைத் தன்னை ஏற்றுக்கொண்ட வேறு நாட்டுக்குக் குடியேறும்போது எடுத்துச் செல்ல அனுமதிக்கச் சொல்கிறது. எம்மில் பலர் கொண்டுவந்த சொத்து ஒரு தோள்பை. அந்தத் தோள்பையோடு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஒரு வான் நிறையத் தொழிற் கருவி வைத்திருக்கிறார்கள். கடன் எடுத்து, தவணை கட்டி வாங்கியவை அவை. அவற்றை எல்லையில் இழக்காமல் பார்ப்பது எமது கடமை.

இலண்டன் வெளியே போன பின்

1993ஆம் ஆண்டு தை முதலாம் திகதி ஐரோப்பியப் பொதுச் சந்தை வந்ததோடு, பானிலிருந்து பாரிசுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ கருவி கொண்டுபோக எந்தச் சுங்கத் தாளும் தேவையில்லை என்றாயிற்று. இலண்டனுக்கும் அப்படித்தான் இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த வசதிக்குப் பழகிவிட்டோம். 2021 தை முதலாம் திகதியோடு அது முடிந்தது. பிரித்தானியா சுங்க ஒன்றியத்துக்கு வெளியே போய்விட்டது. சுவிஸ், நோர்வே இரண்டும் எப்போதும் வெளியேதான் இருந்தன. ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் மனிதருக்கான கடவுச்சீட்டுச் சோதனை அங்கே வழமையாக இல்லை. அதைப் பார்த்து, பொருளுக்கும் சோதனை இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரின் வானில் 20,000 யூரோ பெறுமதியான கருவிகள் இருக்கின்றன. சுங்கத் தீர்வையை விட்டுவிடுவோம். இறக்குமதியின்போது கட்டும் பெறுமதி சேர் வரியை மட்டும் பார்ப்போம். பிரித்தானியாவில் 20 வீதம், அதாவது 4,000 யூரோ. நோர்வேயில் 25 வீதம், 5,000 யூரோ. சுவிஸ் 2024 தை முதல் கைத்தொழிற் பொருள்களுக்கான தீர்வையை நீக்கிவிட்டது. ஆனால் 8.1 வீத வரி இருக்கிறது. அது 1,620 யூரோ.

இது போகும் வழி. திரும்பும் வழியும் உண்டு. ஜேர்மனியிலிருந்து கொண்டுபோன பொருள்தான் இது என்று காட்ட முடியாவிட்டால், எமது சொந்தப் பொருளுக்கே இங்கே 19 வீதம் கேட்கலாம். அது 3,800 யூரோ. மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும் பொருளுக்கு ஐரோப்பியச் சுங்கச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அதே பொருள்தான் என்று நிரூபிப்பது எமது பொறுப்பு. ஜேர்மன் சுங்கத்தார் இதற்கு 'நேம்லிஷ்கைட்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். போனதும் வந்ததும் ஒன்றே என்ற அடையாளம். வரிசை இலக்கம்தான் அதன் உயிர்.

இரண்டு நாள் திருமணத்துக்குக் கிடைக்கும் சம்பளத்தோடு இந்தத் தொகைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கொப்பியைப் பயன்படுத்தும் விதம்

கொப்பியின் மேலட்டை பச்சை. உள்ளே மஞ்சள் தாள்கள் சொந்த நாட்டை விட்டுப் போவதற்கும் திரும்புவதற்கும். வெள்ளைத் தாள்கள் வேறு நாட்டுக்குள் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும். நீலத் தாள்கள் இடையில் ஒரு நாட்டைக் கடந்து போவதற்கு. ஆகக் கூடியது ஓராண்டு செல்லுபடியாகும். அந்தக் காலத்துக்குள் பல நாடுகளுக்குப் பல முறை போய் வரலாம். ஏறக்குறைய 80 நாடுகளும் சுங்கப் பிரதேசங்களும் இதை ஏற்கின்றன. ஜேர்மனியில் பெரிய தொகையை வைப்பிலிடத் தேவையில்லை. சம்மேளனத்தின் கட்டணத்தோடு, பொருளின் பெறுமதியைப் பொறுத்த பிணைக் காப்புறுதிக் கட்டணம் ஒன்றும் கட்டினால் போதும்.

பொதுப் பட்டியலில் ஒவ்வொரு பொருளையும் எழுத வேண்டும். கொப்பி வழங்கப்பட்ட பின் ஒரு ஒலிவாங்கியைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. சாப்பாடு, பூமாலை, விருந்தினருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு போன்று அங்கேயே முடிந்துபோகும் பொருள்களை இதில் எழுத முடியாது. மணவறைத் தூண் போகலாம். அதில் கட்டும் மாலை போகாது.

நான் பார்த்தவரையில், கார்னே எடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது உள்ளே போகும்போது அல்ல. வெளியே வரும்போதுதான். நிகழ்ச்சி முடிய நள்ளிரவு. எல்லோருக்கும் களைப்பு. திங்கட்கிழமை வேலை. எல்லையில் வரிசையைப் பார்த்துவிட்டு, 'பொருள்தானே திரும்பி வருகுது' என்று முத்திரை குத்தாமல் வந்துவிடுகிறார்கள். அந்த நாட்டின் பதிவேட்டில் பொருள் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. கொப்பி காலாவதியாகி ஓராண்டுக்குள் அந்த நாடு வரியைக் கேட்டு அறிவிக்கலாம். வரியோடு அதற்கு மேல் 10 வீதம் வரை கேட்க உடன்படிக்கை இடமளிக்கிறது. கேட்ட நாளிலிருந்து, பொருள் திரும்பிவிட்டது என்று நிரூபிக்கப் பிணைச் சங்கத்துக்கு ஆறு மாதம் இருக்கிறது. அதன் பின் பணத்தைக் கட்ட வேண்டும். கட்டிய பின்னும் மூன்று மாதத்துக்குள் ஆதாரம் கொடுத்தால் மீளக் கிடைக்கும். வெளியேறும் முத்திரை இல்லாவிட்டாலும், திரும்பி நுழைந்தபோது ஐரோப்பியச் சுங்கம் குத்திய முத்திரை ஆதாரமாக உதவும். எனவே கடிதம் வந்தால் இழுப்பறைக்குள் போட்டு மூடாதீர்கள். அதைத் திறந்து வாசித்து, உடனேயே சம்மேளனத்துக்குப் பதில் எழுதுங்கள்.

சுவிஸ் எல்லையில் சின்னக் கடவைகள் பல உண்டு. அவற்றில் வணிகப் பொருளுக்கான அலுவலகம் இல்லாமலிருக்கலாம், அல்லது இரவில் மூடியிருக்கலாம். பாசல் பக்கமுள்ள பெரிய கடவை வழியாக, அலுவலக நேரத்தை விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

கலைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் போன்ற கையில் கொண்டுபோகும் வாத்தியங்களை வாசிப்பவரே எடுத்துச் சென்றால், ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் இதைவிட இலகுவான வழியை வைத்திருக்கின்றன. ஆனால் பாட்டியின் பழைய வீணையில் யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால் அது வேறு கதை. அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் 1973ஆம் ஆண்டின் வாஷிங்டன் உடன்படிக்கைக்குள் அது வருகிறது. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். கார்னே வரிக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

இலங்கையும் இந்தியாவும் இந்த ஒழுங்கில் இருக்கின்றன. இலங்கையில் சர்வதேச வர்த்தகச் சம்மேளனத்தின் தேசியப் பிரிவு பிணை நிற்கிறது. இந்தியாவில் ஃபிக்கி என்ற வர்த்தகச் சம்மேளனம். எந்த நோக்கத்துக்கான பொருளை ஒரு நாடு ஏற்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், பயணச்சீட்டு வாங்கும் முன் எமது சம்மேளனத்திடம் கேட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

நயினாதீவுக் கல்வெட்டை வெட்டியவர்களுக்கும் 1961இல் பிரசெல்சில் கூடியவர்களுக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள். இருவரும் செய்தது ஒரே வகையான வேலை. அந்நியனைச் சந்தேகத்தோடு பார்க்கும் இடத்தில், எழுத்தில் ஒரு விதியை வைத்தார்கள். விதி எழுத்தில் இருக்கும்போது, பலமில்லாதவனும் அதைக் காட்டிப் பேசலாம். காட்டிப் பேச ஒன்றும் இல்லாத சாவடிகளைக் கடந்து வந்த நாங்கள், அதன் அருமையை மற்றவர்களைவிடக் கூடுதலாக அறிவோம்.

ஆகவே உங்கள் வீட்டிலும் ஒலியமைப்போ, ஒளிப்பதிவோ, அலங்காரமோ செய்யும் பிள்ளை இருந்தால், இந்த வாரமே ஒரு பட்டியல் எழுதச் சொல்லுங்கள். பொருளின் பெயர், வரிசை இலக்கம், வாங்கிய விலை, வாங்கிய திகதி. பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கார்னே எடுக்காவிட்டாலும் அந்தப் பட்டியல் காப்புறுதிக்கு உதவும், வருட முடிவில் வரிக் கணக்குக்கும் உதவும். அது என் வேலையையும் இலகுவாக்கும் என்பதை ஒளிக்கவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு உரையோடு சந்திப்போம்.